ஒரே கோர்ட்... மூன்று தீர்ப்பு! பெரியம்மா எதை நம்புவது?

"ஏன் பாப்பா, ஒரே கோர்ட்டுதானே? ஒரே சட்டம்தானே? அது எப்படி ஒரு வருஷம் 'கிடையாது'ங்குது, அடுத்த வருஷம் 'உண்டு'ங்குது?"

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் போன். அதில் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்த மூன்று செய்திகள். ஒன்று 2015-ல் வந்தது, இன்னொன்று 2018, மூன்றாவது 2020. மூன்றுமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பற்றியவை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்பதுதான் மூன்றிலும் விஷயம். மூன்றின் தலைப்பிலும் 'அதிரடி' என்ற வார்த்தை இருந்தது!

அதில் முதல் செய்தி, நான் வேலை பார்க்கும் இதே தளத்தில் வந்தது. நான் சேர்வதற்கு முன்பு எழுதப்பட்டதுதான். இருந்தாலும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏனென்றால், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பெரியம்மா, 'நமக்குப் பங்கு இல்லை போல' என்று பேச்சை அதோடு விட்டிருக்கிறார்.

பெரியம்மாவைப் போலவே பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எனவே இந்த வாரம் அதையே பேசிவிடலாம். பழைய தீர்ப்புகளை நீதிமன்றங்கள் எப்படி நடத்துகின்றன? எப்போது அப்படியே பின்பற்றுகின்றன, எப்போது மாற்றுகின்றன?

தாத்தாவின் 6 ஏக்கர்

முதலில் எங்கள் வீட்டுக் கதை. தாத்தாவுக்கு அவருடைய அப்பா வழியில் வந்த 6 ஏக்கர் நிலம். மூன்று பிள்ளைகள்: பெரியம்மா, மாமா, அம்மா. பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1984-ல். அம்மாவுக்கு 1993-ல். பாட்டி முன்பே போய்விட்டார். தாத்தா 1996-ல் இறந்தார், உயில் எதுவும் எழுதவில்லை. நிலத்தைப் பிரிக்கவும் இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. உழுவது மாமா.

இந்த இரண்டு கல்யாணத் தேதிகள்தான் முக்கியம். தமிழ்நாடு அரசு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. 1989 மார்ச் 25 முதல் அது அமல். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்றது அந்தத் திருத்தம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன மகளுக்கு இது பொருந்தாது. ஆக, அம்மாவுக்கு உரிமை வந்தது. பெரியம்மாவுக்கு வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கைக்கு இரண்டு கணக்கு!

அந்தக் கணக்கை ஏக்கரில் போட்டுப் பார்த்தேன். தாத்தா, மாமா, அம்மா மூவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். தாத்தாவின் 2 ஏக்கர், அவர் இறந்தபின் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். மாமாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்குச் சுமார் 2 ஏக்கர் 67 சென்ட். பெரியம்மாவுக்கு வெறும் 67 சென்ட்.

2005-ல் மத்திய அரசு அதே சட்டத்தை நாடு முழுமைக்கும் திருத்தியது. 2005 செப்டம்பர் 9 முதல் அமல். கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் இதில் இல்லை. மகள் என்றால் மகள்தான். இதன்படி பார்த்தால் மூவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர்.

67 சென்ட்டா, 2 ஏக்கரா? பெரியம்மாவின் கேள்விக்கு இதுதான் விலை. தாத்தா 1996-லேயே இறந்துவிட்டாரே, 2005-ல் வந்த சட்டம் அவர் மகளுக்குப் பொருந்துமா? இந்த ஒரு கேள்விக்குத்தான் உச்ச நீதிமன்றத்திலிருந்து மூன்று விதமான செய்திகள் வந்தன.

அக்காவுக்குச் செய்ததை எனக்கும் செய்!

நீதிமன்றம் ஒரு வழக்கில் சட்டத்துக்கு ஒரு பொருள் சொல்லிவிட்டால், அதே மாதிரி அடுத்து வரும் வழக்கிலும் அதையே பின்பற்ற வேண்டும். அந்த முதல் தீர்ப்புக்குப் பெயர் முன்தீர்ப்பு. வக்கீல்கள் பேச்சில் 'சைட்டேஷன்' அல்லது 'ரூலிங்'.

இது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. மூத்த பெண்ணுக்கு என்ன சீர் செய்தார்களோ, அதுதான் அடுத்த பெண்ணுக்கும் அளவு. "அக்காவுக்கு அஞ்சு பவுன் போட்டீங்கல்ல..." என்று இளையவள் ஆரம்பித்தால் அப்பாவால் தட்ட முடியாது. தட்ட வேண்டுமானால், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். நீதிமன்றத்திலும் அதே நியாயம்தான். ஒரே மாதிரி வழக்குக்கு ஒரே மாதிரி தீர்ப்பு. நீதிபதி மாறினால் சட்டம் மாறக் கூடாது. தீர்ப்பை நம்பி நிலம் வாங்கியவர், விற்றவர், உயில் எழுதியவர் எல்லாரும் நாளைக்குத் தெருவில் நிற்கக் கூடாது.

யார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்பதற்கும் வரிசை உண்டு.

* உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அரசியலமைப்புச் சட்டத்தின் 141-வது பிரிவே இதைச் சொல்கிறது.
* சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் சொல்வது, தமிழ்நாடு, புதுச்சேரியில் உள்ள கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை இங்கே காட்டலாம். நீதிபதிக்குச் சரியென்று பட்டால் ஏற்பார், கட்டாயமில்லை.
* ஒரே நீதிமன்றத்துக்குள் எண்ணிக்கைதான் கணக்கு. இரண்டு நீதிபதிகள் சொன்னதை மூன்று நீதிபதிகள் மாற்றலாம். மூவர் சொன்னதை ஐவர் மாற்றலாம். ஆனால் இருவர் சொன்னதை வேறு இருவர் மாற்ற முடியாது. ஒத்துப்போக முடியவில்லை என்றால், பெரிய அமர்வுக்கு அனுப்புங்கள் என்று தலைமை நீதிபதியிடம் கேட்க வேண்டும்.

கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் குழப்பம் தொடங்கியதே அங்கேதான்.

இன்னொரு விஷயம். முன்தீர்ப்புக்கு வயது ஒரு தடையில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் (அருணாசல கவுண்டர் வழக்கு), உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் தனிச் சொத்து மகளுக்குப் போகும், அவர் 1956 சட்டத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது நீதிபதிகள் புரட்டிய பழைய தீர்ப்புகளில் ஒன்று, நம் சிவகங்கை ஜமீன் வழக்கு. காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக லண்டன் பிரிவி கவுன்சில் 1863-ல் தந்த தீர்ப்பு அது. 159 வருடம் கழித்தும் அதற்கு வேலை இருந்தது!

தீர்ப்பில் எல்லா வரியும் சட்டமில்லை

சில தீர்ப்புகள் 100 பக்கத்தைத் தாண்டும். அதில் எழுதியதெல்லாம் அடுத்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா? இல்லை. அந்த வழக்கைத் தீர்க்க எந்தச் சட்டக் காரணம் தேவைப்பட்டதோ, அது மட்டும்தான் கட்டுப்படுத்தும். நீதிபதி போகிறபோக்கில் சொன்ன கருத்து, அறிவுரை, ஆதங்கம் இவற்றுக்கு மரியாதை உண்டு, கட்டாயம் இல்லை. சங்கடம் என்னவென்றால், தலைப்புக்கு வசதியாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் போகிறபோக்கு வரிகள்தான். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து நானே அப்படித் தலைப்பு வைத்திருக்கிறேன்.

அடுத்தது, வழக்கின் விவரங்கள். 'அந்தத் தீர்ப்பில் விவகாரம் வேறு, இங்கே விவகாரம் வேறு' என்று காட்டிவிட்டால் நீதிபதி அந்த முன்தீர்ப்பை ஒதுக்கி வைக்கலாம். தப்பு என்று சொல்லவில்லை, 'இந்த வழக்குக்குப் பொருந்தாது' என்கிறார், அவ்வளவுதான். ஒரு முக்கியமான சட்டப் பிரிவையோ, கட்டுப்படுத்தும் தீர்ப்பையோ கவனிக்காமலே ஒரு தீர்ப்பு வந்திருந்தால், அதற்கும் முன்தீர்ப்பு என்ற பலம் கிடையாது.

2015 முதல் 2020 வரை நடந்தது என்ன?

இப்போது பெரியம்மாவின் மூன்று செய்திகளுக்கு வருவோம்.

2015 அக்டோபர் 16. பிரகாஷ் எதிர் புலவதி வழக்கு, கர்நாடகாவிலிருந்து வந்தது. இரண்டு நீதிபதிகள். 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் உயிரோடு இருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருக்க வேண்டும், அப்போதுதான் புதிய உரிமை என்றார்கள். புலவதியின் அப்பா 1988-லேயே இறந்தவர். இதுதான் பெரியம்மாவை வாயடைக்க வைத்த முதல் செய்தி.

2018 பிப்ரவரி 1. தனம்மா எதிர் அமர் வழக்கு. இதுவும் கர்நாடகாதான், இதுவும் இரண்டு நீதிபதிகள். அப்பா இறந்தது 2001-ல். 2015 தீர்ப்புப்படி பார்த்தால் மகள்களுக்கு இந்த உரிமை இருக்கக் கூடாது. ஆனால் இரண்டு மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமாக, ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு தந்தது நீதிமன்றம். 2015 தீர்ப்பைப் பற்றிப் பேசியது, ஆனால் அதை மாற்றவில்லை. மாற்றவும் முடியாது, இவர்களும் இருவர்தானே!

அதே வருடம் ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று: மங்கம்மாள் எதிர் டி.பி.ராஜு. மீண்டும் இரண்டு நீதிபதிகள். நம் மாநில 1989 திருத்தத்துக்கும் 2015 தீர்ப்பின் வழியையே பின்பற்றி, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றார்கள். இந்தச் செய்தி பெரியம்மா கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் இன்னும் குழம்பியிருப்பார்.

ஒரே உச்ச நீதிமன்றம், சம பலமுள்ள அமர்வுகள், எதிரெதிர் முடிவுகள். கீழ் நீதிமன்றங்கள் என்ன செய்யும்? 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வினீதா சர்மா என்பவரின் வழக்கு. அவருடைய அப்பா இறந்தது 1999 டிசம்பரில். உயர் நீதிமன்றம் 2015 தீர்ப்பைப் பின்பற்றி அவருக்கு எதிராக முடிவு சொன்னது. ஆனால் அதோடு நிற்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே முரண்படுகின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, மேல்முறையீட்டுக்குச் சான்றிதழும் கொடுத்தது. கட்டுப்படவும் செய்தது, கேள்வியை மேலே அனுப்பவும் செய்தது. முன்தீர்ப்பு முறை ஒழுங்காக வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும்.

2020 ஆகஸ்ட் 11. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அப்துல் நசீர், எம்.ஆர்.ஷா. இந்த முறை மூவர். மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். 2015 தீர்ப்பும் மங்கம்மாள் தீர்ப்பும் அன்றோடு செல்லாமல் போயின. 2018-ன் தனம்மா தீர்ப்பிலும் இதற்கு முரணான பகுதி நீக்கப்பட்டது.

ஆக, "கோர்ட் மாத்தி மாத்திப் பேசுது" என்று பெரியம்மா நினைத்தது பாதிதான் சரி. இருவர் அமர்வுகளுக்குள் முட்டிக்கொண்டது, மூவர் அமர்வு தீர்த்து வைத்தது. ஆனால் அதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது. அந்த ஐந்து வருடத்தில் எத்தனை பெரியம்மாக்கள் பேச்சை விட்டார்களோ!

அப்பாவின் தீர்ப்பை மாற்றிய மகன்

தப்பான முன்தீர்ப்பு திருத்தப்பட இன்னும் நீண்ட காலம் ஆனதும் உண்டு. நெருக்கடி நிலையின்போது 1976-ல், சட்டவிரோதமாகச் சிறையில் அடைக்கப்பட்டவர்கூட உயர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா மட்டும் மறுத்தார். அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அமர்ந்தது. 1976 தீர்ப்பு தவறு, அது இனி செல்லாது என்று அதில் எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். அவருடைய மகன்! இடையில் 41 வருடங்கள்.

முன்தீர்ப்பு கல்வெட்டு இல்லை. ஆனால் அழிப்பதற்கு முறை உண்டு, ஆள் பலம் உண்டு, காரணம் சொல்லியாக வேண்டும்.

ஏற்கெனவே தோற்றவர்களுக்கு?

கேட்க மனசுக்குக் கஷ்டமான பகுதி இது. 2016-ல் ஒரு பெண் இதே காரணத்தால் வழக்கில் தோற்று, மேல்முறையீடும் போகாமல் தீர்ப்பு இறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 தீர்ப்பைக் காட்டி அதே வழக்கை மறுபடி திறக்க முடியுமா? பொதுவாக முடியாது. பின்னால் வேறொரு வழக்கில் மேல் நீதிமன்றம் சட்டத்துக்கு வேறு பொருள் சொன்னது என்பது மறுசீராய்வுக்குக் காரணமாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. இல்லையென்றால் எந்த வழக்குக்கும் முடிவே இருக்காது.

ஆனால் வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை மட்டும் வந்து, இறுதித் தீர்ப்பாணை வராமல் இருந்தால்கூடப் பங்கை மாற்றிக் கேட்கலாம். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே மாதிரி குடும்பம். மேல்முறையீடு செய்த அக்காவுக்குப் பங்கு, செய்யாத தங்கைக்கு இல்லை. முன்தீர்ப்பு மாறும்போது விழுகிற கோடு இது.

பெரியம்மாவுக்கு என்ன பதில்?

பெரியம்மா வழக்கே போடவில்லை என்பதால் தோற்கவும் இல்லை. அவர் விஷயத்தில் பார்க்க வேண்டியவை இவை:

* 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருக்கிறதா? இருந்தால் அதைத் தொட முடியாது. 'வாய்மொழியாப் பிரிச்சிட்டோம்' என்பதை எளிதில் ஏற்க மாட்டார்கள்.
* அந்தத் தேதிக்கு முன்பே நிலம் விற்கப்பட்டிருக்கிறதா, உயில் எழுதப்பட்டிருக்கிறதா?
* விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் கதை வேறு.
* சொத்து உண்மையிலேயே பூர்வீகமா? தாத்தா சொந்தமாகச் சம்பாதித்ததாக இருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது. தன் சம்பாத்தியத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

எங்கள் வீட்டில் பத்திரமும் இல்லை, உயிலும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உங்கள் வீட்டில் நிலைமை மாறலாம். ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். காலக்கெடு போன்ற வேறு கேள்விகளையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தீர்ப்புச் செய்தி படிக்கும்போது நான்கு கேள்விகள்

1. எந்த நீதிமன்றம்? வேறு மாநில உயர் நீதிமன்றம் என்றால் நமக்குக் கட்டாயமில்லை.
2. எத்தனை நீதிபதிகள்? செய்தியில் இது இல்லை என்றால் தேடிப் பாருங்கள்.
3. அந்த வழக்கின் விவரமும் உங்கள் விவரமும் ஒன்றுதானா? தேதி, உயில், பத்திரம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.
4. அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா? இதுதான் நாம் கேட்க மறக்கிற கேள்வி. செய்தியின் தேதியைப் பாருங்கள். அதன்பின் வேறு தீர்ப்பு வந்ததா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் பெரியம்மா கேட்டார்: "இதையும் நாளைக்கு மாத்திட்டாங்கன்னா?"

மாற்றலாம். ஐந்து பேர் அமர்வு மாற்றலாம், நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தலாம். ஆனால் அப்படி நடக்கும் வரை இதுதான் சட்டம். எந்தக் கீழ் நீதிமன்றமும் இதைத் தாண்ட முடியாது. அதைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கோர்ட்டுக்கெல்லாம் வேண்டாம். ஆடிக்கு உங்க மாமா வருவான்ல, நீயும் வா. இந்தக் கணக்கை அவன்கிட்டயும் ஒருதடவை சொல்லு" என்றார். மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் '67 சென்ட்' என்று இனி யாரும் பெரியம்மாவிடம் சொல்ல முடியாது.

சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, எங்கள் தளத்தின் அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்தேன். கூகுளில் அது இன்னும் மேலேயே வருகிறது. டெஸ்க்கில் பேசி, செய்தியின் உச்சியில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'இந்தத் தீர்ப்பு 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வால் ரத்து செய்யப்பட்டுவிட்டது.'

உங்கள் போனிலும் இப்படி ஒரு பழைய 'அதிரடி' சேமித்து வைக்கப்பட்டிருக்கிறதா? தேதியைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.